நீலக் கோடு போட்ட கோப்பை

இன்று காலையும் நீலக் கோடு போட்ட கோப்பையில் கொதிநீர் ஊற்றினேன். ஆவியோடு பழைய கோப்பி மணம் எழும்பியது. பேத்தி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மம்மா, மெஷின் கழுவுந்தானே? ஏன் கையைச் சுடுறீங்கள்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் இல்லை.

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் நமக்கு ஒரே மாடி, கதவுக்கு நேரே கதவு. நான் வந்த முதல் பனிக்காலத்தில் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்ட வெள்ளைக்காரி நீங்கள் ஒருவர்தான். ஆனால் எனக்கு எப்போதும் இந்தக் கோப்பைதான். குடித்து முடிந்ததும் என் கண்முன்னாலேயே அதில் கொதிநீரைக் கொட்டுவீர்கள். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் மற்ற எல்லாருக்கும் கிளாஸ், எங்கள் சாதி ஆட்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. அப்பா அதில் குடித்ததைப் பார்த்தவள் நான். அந்தக் கடைக்காரனின் முகத்தை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. கடல் தாண்டி வந்தும் இதுதானா என்று கோபம் வந்தது. வீட்டில் உங்களைக் 'கோப்பைக் கிழவி' என்றுதான் சொல்வேன். கதைக்க வேறு ஆள் இல்லாததால் வந்துகொண்டும் இருந்தேன்.

ஒருநாள் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை நொர்வேஜிய மொழியில் கேட்டேவிட்டேன்: "நான் குடிச்சால் கோப்பை தீட்டுப்படுமோ?" சிரட்டைக் கதையையும் சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. எழும்பி அலுமாரியைத் திறந்தீர்கள்.

"இது என்ர. இது மகன்ர. எல்லாத்துக்கும் சுடுதண்ணிதான். ஒருத்தரின்ர கோப்பையை மற்றவர் தொடக்கூடாது. அம்மா பழக்கினது."

பிறகுதான் உங்கள் அம்மா வளர்ந்த அறைக்குள் கதை சொல்லியே என்னைக் கூட்டிப்போனீர்கள். நூறு வருடத்துக்கு முந்திய ஒஸ்லோ. ஆற்றுக்குக் கிழக்கே, ஆலைகளுக்குப் பக்கத்தில் ஓர் அறை. தண்ணீர்க் குழாய் முற்றத்தில், கக்கூசுக்கு அருகில். உங்கள் அம்மாவும் அவரின் சகோதரங்களும் ஒரே கட்டிலில். எல்லாருக்கும் ஒரே கோப்பை. மூத்த அக்காவுக்குச் சயரோகம். அவள் குடித்து மிச்சம் வைத்த பாலைத் தம்பிமார் பங்குபோட்டுக் குடித்தார்கள். பாலை யார் வெளியே ஊற்றுவார்கள்? ஒவ்வொருவராகப் போனார்கள். உங்கள் அம்மா மட்டும் மிஞ்சினார்.

"ஆத்துக்கு மேற்கால ஒரு பிள்ளை இருமினா டொக்டர் வருவார். எங்கட பக்கம், செத்தாப்பிறகு கணக்கெடுக்கிறவர் வருவார்" என்றீர்கள். கிழக்கில்தான் அதிகம் பேர் சாகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியுமாம். "தெரிஞ்சும் வாடகை வாங்கின வீட்டுக்காரன் திறக்கிற மாதிரி ஒரு சன்னல் போட்டுத்தரேல்லை."

நீங்கள் பிறக்கும் முன்பே செத்தவர்களுக்காக, நீங்கள் பார்த்தேயிராத ஒருவன்மேல் அவ்வளவு கோபம். அன்றைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடித்தது.

கடைசிப் பனிக்காலத்தில் உங்களுக்கு நெஞ்சுச் சளி. வயதுக்கு வந்த சளிதான், அந்த நோய் இல்லை என்று டொக்டர் சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. "கிட்ட வராதேயும்" என்றீர்கள். வந்தேன். உங்கள் கோப்பையில் பால் பருக்கினேன். இரண்டு வாய்தான் இறங்கியது.

மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்றியபோது, பின்னால் சின்னக் கைகள் நீண்டு நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நீங்கள் போனபின் உங்கள் மகன் இந்த நீலக் கோப்பையை என்னிடம் தந்தார். கடைக்காரனுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்காரனையும் என் மனதில் இருத்தி வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் மன்னிப்பில்லை. கோப்பையின் மிச்சத்தை வெளியே ஊற்றும்போதெல்லாம், அக்காவின் மிச்சப் பாலைக் குடித்த அந்தப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். பேத்திக்குக் கேட்காமல் மெல்லச் சொல்கிறேன்:

"பொறுங்கோ ராசாக்கள். இதைத் தொடாதேங்கோ. உங்களுக்கு வேற கோப்பையில வார்க்கிறன்."