சிலிம் ரிவர் வரை அப்பா ஓட்டினார்

ஜனவரி 8, வியாழன். காம்பார்.

காலையில் தூறல். இன்று அப்பாவிடம் சொல்லாதவை:
கோப்பெங்கில் விளக்கு சிவப்பாக இருந்தது.
அந்த மோட்டார்சைக்கிள்காரர் ஹார்ன் அடித்தது நம்மைப் பார்த்து.
உங்களுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

திங்கள் பள்ளி திறப்பு. அப்பாவின் பள்ளி வேனில் போவது எங்கள் ஜெலாப்பாங் பிள்ளைகள் பதினொரு பேர்.

நாற்பத்தொன்றில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிக்க இறங்கி வந்த வழியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. போர்ப் புத்தகம் என் பொறுப்பு, வழி அவர் பொறுப்பு. காம்பார் மேட்டில் பதுங்குகுழிகள் இலை மூடிக் கிடக்கின்றன. சீக்கியர்களும் வெள்ளைக்காரர்களும் நாலு நாள் தாக்குப்பிடித்த இடம். அப்பா ஒன்றில் இறங்கி உட்கார்ந்து பார்த்தார்.

"முட்டி புடிச்சிக்கிச்சு. தூக்கிவிடும்மா."

சிரிப்பு, இரண்டு பேருக்கும். அப்போதே சொல்லியிருக்கலாம்.

மதியம் கோழிக்கறி ரொட்டி. நல்ல துண்டெல்லாம் என் தட்டுக்கு.

ஜனவரி 9, வெள்ளி. சிலிம் ரிவர்.

சுட்டெரிக்கும் வெயில். இங்கே சண்டையே ரோட்டில்தான். வளைவுகளை நேராக்கியபோது விட்டுப்போன பழைய துண்டு ரோடுகள் ரப்பர் காட்டுக்குள் கிடந்தன. ஜப்பான் டாங்கிகள் அவற்றில் புகுந்து சுற்றி வந்துவிட்டன. வாசித்துக் காட்டினேன்.

"அந்த வளைவா? ஏழு வருசம் ரப்பர்ப்பால் லாரி ஓட்டுனதே அதுலதான்லா. வா, காட்டுறேன்."

வேகம் குறைக்காமல் இடப்பக்கம் திருப்பினார். ரோடு இல்லை. பாமாயில் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால். கத்தினேன். முன்சக்கரம் விளிம்பில் நின்றது. அடி ஏதுமில்லை.

லாரியில் பனங்குலை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். "என்னா அண்ணே, இவ்ளோ பெரிய போர்டு வச்சிருக்கு. மீன் புடிக்கப் போறீங்களா?"

"இங்க ரோடு இருந்துச்சு தம்பி."

"எப்போ?"

"தொண்ணூறுல."

வேனைப் பின்னால் தள்ளி எடுக்க உதவினார். அவர் போன பிறகு கேட்டேன்.

"அப்பா, அந்த போர்ட வாசிங்க."

"எந்த போர்டு?"

மஞ்சள் போர்டு. கதவு அளவு. எதிரிலேயே.

அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டார். "வெயிலடிச்சா எல்லாம் பால் ஊத்துன மாதிரி இருக்கும்மா. தீவாளியிலேர்ந்து."

தீபாவளியிலிருந்து ஞாபகத்தை வைத்தே ஓட்டியிருக்கிறார், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு.

சொல்லிவிட்டேன். பார்த்ததெல்லாம். இனி வேன் வேண்டாம் என்பதையும்.

"வேன் இல்லாட்டி வீட்ல உக்காந்து என்னா பண்ணுவேன்?"

சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கி, மறுபக்கம் வந்து ஏறிக்கொண்டார். ஈப்போ வரும்வரை பேசியது ஒன்றே, மூன்று தடவை: "கியர மெதுவா போடு."

ஜனவரி 11, ஞாயிறு. ஜெலாப்பாங்.

வெக்கை. செவ்வாய் கண் ஆஸ்பத்திரி.

காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். இனி வேன் வராது என்று போனில் சொன்னால் போதாதா என்றேன்.

"நம்பி பிள்ளைய அனுப்புனவங்க. மூஞ்சியப் பாத்துதான் சொல்லணும்."

பதினொரு வீட்டுக்கும் போனார். நான் ஓட்டினேன்.