மூன்று தரம் கழுவிய விதைநெல்

நற்பிட்டிமுனை,
நோன்பு 28.

அன்பு மனைவி நஜ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் ஆகிலாவும் உன் உம்மாவும் சுகம். உன் உடம்புக்கும் படிப்புக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். தினமும் போனில் கதைக்கிறோமே, பிறகென்ன கடிதம் என்பாய். போனில் மகள் பாதி கதைப்பாள், மாமி பாதி கதைப்பா. எனக்கு மிஞ்சுவது 'சரி, வைக்கிறேன்' மட்டும்தான். நம்மூர் அஹ்ஸன் பெருநாள் முடிந்து நீ படிக்கும் மலேசியாவுக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும் பேனையை எடுத்துவிட்டேன்.

நேற்றுப் பள்ளிவாசல் கஞ்சி நம் முறை. உன் வாப்பா காலம் தொட்டு இருபத்தேழாம் நோன்புக் கஞ்சிக்கு அரிசி உன் சீதன வயலிலிருந்துதான் போகும். ஆகிலாவின் இரத்தத்தில் ஈயம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து கடை அரிசிதான் வாங்கிக் கொடுத்தோம். நேற்று நம் அரிசி கொதித்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

வாய்க்கால் தலைப்பில் பழைய பற்றரி உருக்கியவர்கள் பட்டறையை மூடிவிட்டுப் போனார்கள், ஈயம் மட்டும் நம் மண்ணில் தங்கிவிட்டது. அந்தக் கழிவு ஓடையில் மற்றதெல்லாம் கருகிக் கிடக்க, பாய் இழைக்கும் பன்புல் மட்டும் பச்சையாக நின்றதை ஊரே பார்த்தது. நீ ஒருத்திதான் அதன் வேரைக் கிண்டி, அங்கே வாழ்ந்த நுண்ணுயிரைப் பிடித்துப் போத்தலில் வளர்த்துக் கொண்டு வந்தாய். அது ஈயத்தைத் தின்று தீர்க்காது, வேரடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டு நெல்மணிக்கு ஏறவிடாது என்றாய். தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையும் அப்படித்தான், வரப்பில் தண்ணீர் பாயும் வக்கடையில் குந்திக்கொண்டு ஒன்றையும் அப்பால் விடமாட்டார் என்று நான் பகிடி பண்ணினேன். அந்தப் பகிடியை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

நீ சொன்னது பிசகாமல்தான் செய்தேன். மூன்று துண்டு வயலுக்கும் விதைநெல்லை ஊறவைத்து, உன் போத்தல் தண்ணீரையும் உமிக்கரியையும் கலந்து நிழலில் வைத்தேன். இரண்டு துண்டை விதைத்துவிட்டு மூன்றாவது பையை எடுக்க வந்தால், மாமி கிணற்றடியில் அதைப் பேசினில் கொட்டி, பிஸ்மி சொல்லி, மூன்று தரம் கழுவி வடித்து வைத்திருந்தா.

"கிருமி போட்ட நெல்லெண்டு நீங்கதானே சொன்னீங்க மகன். கழுவாம எப்படி விதைக்கிற?" என்றா.

மாமியாயிற்றே, உடனே உனக்குத்தான் அழைத்தேன். நீயாவது கோபிப்பாய் என்று பார்த்தால், போனில் சிரித்தாய். அதையும் விதையுங்கள், அந்தத் துண்டில் மட்டும் ஒரு அடையாளக் கம்பு நடுங்கள் என்றாய். உம்மாவிடம் ஒரு கடுஞ்சொல் கதைக்கவில்லை. உன் பொறுமை எனக்கு வராது நஜ்லா.

அறுவடை முடிந்து மூன்று துண்டின் அரிசியும் கண்டிக்குச் சோதனைக்குப் போனது. முதல் இரண்டிலும் ஈயம் எல்லைக்குக் கீழே. கழுவி விதைத்த துண்டில் பழையபடிதான். ஒரே நெல், ஒரே தண்ணீர், ஒரே வெயில். நீ சிரித்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. கிருமியாவது மண்ணாங்கட்டியாவது என்று திரிந்த பக்கத்து வயல் நல்லரெத்தினம் அண்ணன் வரம்பில் நின்று தலையைச் சொறிந்தார். தங்கச்சி வந்தால் தனக்கும் ஒரு போத்தல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழுவிய துண்டின் நெல்லை ஒரு வியாபாரி மலிவுக்குக் கேட்டார். நல்ல நெல்லோடு கலந்தால் யாருக்குத் தெரியும் என்றார். கொடுக்கவில்லை. தனியே கட்டி வைத்திருக்கிறேன், அடுத்த போகத்துக்கு விதையாகட்டும். மாமி அந்த மூடைப் பக்கமே பார்ப்பதில்லை.

ஒரு சோதனை போதும், கஞ்சிக்கு நாள் நெருங்குகிறது என்று நான் துள்ளினேன். இன்னொரு ஆய்வுகூடமும் சொல்லட்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். பிடிவாதக்காரி என்று ஏசினேன். அதற்கு நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"நம்மட புள்ளைக்குக் குடுக்கப் பயப்படுற அரிசிய ஊர்ப் புள்ளையளுக்கு எப்படிக் காச்சிற?"

நோன்பு இருபத்தைந்தில் இரண்டாவது முடிவும் நல்லதாக வந்தது. நீ ஒரே சொல்தான் சொன்னாய்: "காச்சுங்க."

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் வாளியும் கேனுமாகப் பள்ளி வாசலில் நின்றார்கள். ஒருவர் விடாமல் கொண்டுபோனார்கள். வீட்டில் ஆகிலாவுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். உம்மாட அரிசியா என்று கேட்டாள். ஓம் என்றேன். ஊதி ஊதிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். நான் அழுதுவிட்டேன் நஜ்லா. உன்னை நினைத்துப் பெருமையில்தான். கஞ்சி சுட்டுவிட்டதா மகன் என்று மாமி விசாரித்தா.

அஹ்ஸனிடம் ஒரு பார்சல் தருகிறேன். நேற்றைய அரிசியில் மிஞ்சியதை மாமி இடித்து வறுத்த மா. இதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போகாதே, பிட்டு அவித்துத் தின். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, உன் வயல் சோறு தின்னாதவள் நீ ஒருத்திதான்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. படிப்பு முடிய இன்னும் காலம் இருக்கிறது என்று தெரியும். சீக்கிரம் வா என்று எழுதமாட்டேன். அடுத்த போகத்துக்கு விதைநெல் ஊறவைக்கும்போது உன் உம்மாவைப் பிடித்து வைத்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

உன் துஆவில் என்றும் இருக்க விரும்பும்,
இன்பாஸ்