கிளம்பியதற்கு ஒரு சங்கம், சேர்ந்ததற்கு ஒரு சங்கம்

அனுப்புநர்:
கா. மாதவராஜ்,
தக்காளி மண்டி ஏலக்காரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: என் மகள் பூவிழி இருநூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தும், வந்ததாக எந்தத் தடகளச் சங்கமும் ஒப்புக்கொள்ளாதது – மாநிலப் போட்டிக்கு அனுப்ப வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த மனுக்கள் (அவை எங்கே போயின என்பது பத்தி 6-இல்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் விளையாட்டு வீரன் அல்லன். கடைசியாக நான் ஓடியது அரூர் பேருந்தைப் பிடிக்க, அதையும் பிடிக்கவில்லை. பூவிழியின் ஓட்டம் அவள் அம்மா வழி வந்தது. அதில் எனக்குப் பங்கில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அகில இந்திய ஓட்டம் தாண்டுதல் எறிதல் பேரவையின் முதல் தலைவர், உயிரோடு இருந்தவரை தலைவராகவே இருந்தார். அவருக்குப் பின் அவர் தம்பி. தம்பிக்குப் பின், முதல் தலைவரின் மகனும் மருமகனும் ஒரே நாளில், ஒரே விடுதியில், மேல்மாடியில் ஒருவரும் கீழ்மாடியில் ஒருவருமாகத் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முத்திரை மகனிடம், கொடி மருமகனிடம். இவர்களில் எவரும் ஓடியதாக வரலாறு இல்லை. குறையாகச் சொல்லவில்லை, என் நிலையும் அதுதான்.

3. நம் மாவட்டத்தில் மகன் தரப்புக்குத் தலைவர் செங்கல் சூளை திரு. குப்புராஜ். மருமகன் தரப்புக்குத் தலைவர் திருமண மண்டபம் திரு. தீர்த்தகிரி. இருவரும் சகலைகள். மாமனார் வீட்டுக் கிடா வெட்டில் யாருக்கு முதல் மாலை என்பதில் பேச்சு நின்றுபோனதாக ஊரில் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். சங்கம் பிரிந்தபோது ஓட்டம் தொடங்கச் சுடும் துப்பாக்கி குப்புராஜ் அவர்களிடமும், நேரம் பார்க்கும் கடிகாரம் தீர்த்தகிரி அவர்களிடமும் தங்கிவிட்டன.

4. சென்ற மாதம் இருவரும் ஒரே ஞாயிறன்று, ஒரே மைதானத்தில் மாவட்டத் தேர்வுப் போட்டி அறிவித்தனர். கைகலப்பு வராதிருக்க மைதானத்தின் குறுக்கே கயிறு கட்டப்பட்டது. நூறு மீட்டர் அவரவர் பாதியில் அடங்கியது. கைப்பேசியிலும் விசிலிலும் காரியம் முடிந்தது. இருநூறு மீட்டர் அடங்கவில்லை. உடற்கல்வி ஆசிரியை திருமதி தெரசா இரு தரப்பிடமும் கெஞ்சிக் கயிற்றைத் தரையில் இறக்கினார். குப்புராஜ் தரப்பு சுட்டது; தீர்த்தகிரி தரப்பு நேரம் பார்த்தது. என் மகள் கயிற்றைத் தாண்டி முதலாவதாக வந்தாள். ஏலம் கூறும் தொண்டையில் நான் கத்தியதற்கு மைதானமே சாட்சி.

5. சான்றிதழ் கேட்டுப் போனேன். குப்புராஜ் அவர்கள், “பொண்ணு கெளம்புனத பாத்தமுங்க. போயி சேந்தது எங்க எல்லையில இல்லீங்களே” என்றார். தீர்த்தகிரி அவர்கள், “வந்து சேந்துச்சு, வாஸ்தவந்தான். கயித்துக்கு அந்தாண்ட எங்கிருந்து கெளம்புச்சோ, நாங்க எப்படிங்க சொல்றது?” என்றார். இருவரும் டீ கொடுத்தார்கள், அதில் குறையில்லை. பாலக்கோட்டில் ஏற்றிய தக்காளி சேலத்தில் இறங்கினால், இது எங்கிருந்து கிளம்பியதோ என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை, ஐயா.

6. பேரவையின் இரு தலைமைக்கும் மனு எழுதினேன். மேல்மாடித் தலைமை அதை உரிய நடவடிக்கைக்காகத் திரு. குப்புராஜுக்கும், கீழ்மாடித் தலைமை திரு. தீர்த்தகிரிக்கும் அனுப்பிவைத்தது. இப்போது கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் என் மனுவை எனக்கே ஒப்பிக்கிறார்கள். கிடா வெட்டுப் பகுதியை இருவருமே ரசித்திருக்கிறார்கள். சகலைகள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

7. மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இம்மாதம் கடைசி. தை பிறந்தால் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இடமில்லை. அன்று அவளுடன் ஓடிய பிள்ளைகள் நூறு மீட்டரில் தேர்வாகித் தப்பித்துக்கொண்டார்கள். இவளுக்கு அந்த ஒரு ஓட்டம்தான்.

8. இதை எழுதலாமா என்று யோசித்தேன். தினமும் காலையில் அவள் அதே மைதானத்துக்குப் போகிறாள். புறப்படும் கோட்டிலிருந்து பாய்ந்து ஓடுகிறாள். கயிறு கிடந்த இடம் வந்ததும் நின்று, திரும்பி நடக்கிறாள். “ஏன் பாப்பா நின்னுட்ட, ஓடு!” என்று கத்தினேன். “அதுக்கு மேல யாருப்பா பாக்கறாங்க?” என்றாள். அழுகிய கூடைக்கும் ஆள் பிடித்துத் தரும் வாய் என்னுடையது. இவளுக்கும் ஓர் ஆள் பிடிக்கலாம் என்று அன்றே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

9. சங்கங்களுக்கு ஆணையிடும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்கிறார்கள்; இருக்கலாம். இம்மனுவையும் மேற்படி இருவருக்கே அனுப்பிவிடாமல், தாங்களோ தாங்கள் அனுப்பும் அலுவலர் ஒருவரோ ஒரு காலைப்பொழுது அந்த மைதானத்துக்கு வந்து, ஓட்டம் முடியும் கோட்டருகே நிற்க வேண்டுகிறேன். துப்பாக்கியும் கடிகாரமும் வேண்டாம். நிற்பதற்கு யார் அனுமதியும் தேவைப்படாது என்று நம்புகிறேன். அங்கே ஒருவர் நிற்பது தெரிந்தால் அவள் கயிற்றைத் தாண்டி வந்துவிடுவாள்.

கிளம்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: பாலக்கோடு
நாள்: 17.11.2025

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
கா. மாதவராஜ்
(பூவிழியின் தந்தை)