கடதாசியின் வெள்ளை

இன்று காலை கொழும்பிலிருந்து வந்த கடதாசிக் கட்டைப் பிரித்தேன். புதுத் தாளின் மணம் கடை முழுக்கப் பரவியது. உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

பள்ளிமுனையில் நாங்கள் இருவருமாய்த் தொடங்கிய கடை இது. அச்சுக்குப் போகும் பக்கங்களை நான் அமைப்பேன். நிறமெல்லாம் உன் பொறுப்பு. கோயில் யூபிலிக்குப் படப் புத்தகம் செய்யப் பங்குச் சுவாமி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அச்சு கொழும்பில். இயந்திரம் ஓடினால் ஓடியதுதான், திருத்த முடியாது. புத்தகக் கடதாசியின் நிறம் வரும்படி, எங்கள் கடையின் பளிச்சென்ற தாளில் நீ முன்கூட்டி எடுத்துத் தரும் மாதிரிப் படியை நம்பித்தான் அவர் சம்மதிக்க வேண்டும்.

முதல் மாதிரியில், முதன்முறை நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளின் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்ன பிள்ளை, வெள்ளைச் சட்டையெல்லாம் மங்கிக் கிடக்கு?"

"அது புத்தகக் கடதாசியின்ர வெள்ளை சுவாமி. புத்தகத்தில மை படாத இடத்தில கடதாசிதான் தெரியும். அதைவிட வெள்ளையா ஒண்டும் அடிக்கேலாது."

சொல்லிக்கொண்டே புத்தகத் தாளையும் மாதிரியையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்தாய். இப்போது உன் முகம் சுருங்கியது. மாதிரியின் வெள்ளையில் ஒரு துளி நீலம் கூடிவிட்டதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு வாங்கோ சுவாமி."

கணினியில் ஆயத்தமாய் இருந்த நிற அளவை விட்டுவிட்டு அந்தப் புத்தகத் தாளின் நிறத்தையே அளந்தாய். மேசையின் நிறம் ஊடாகத் தெரியாதபடி அதே தாள்களை அடுக்கி, மேலே நிறம் அளக்கும் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்தாய். மறுநாள் புது மாதிரியின் வெற்று ஓரத்தில் புத்தகத் தாளை வைத்து, "எடி, எல்லை எங்கயெண்டு காட்டு பாப்பம்" என்றாய்.

எல்லை இல்லை. பளிச்சென்றிருந்த தாள் முழுவதிலும் மை மெல்லப் படர்ந்து, அது இன்னொரு தாளாகவே மாறியிருந்தது. சுவாமி விரலால் தடவித்தான் விளிம்பைக் கண்டார்.

"ஆண்டவரே," என்றார். பிறகு, "இப்பிடியே அடிக்கட்டும் பிள்ளை."

புத்தகம் வந்தபோது அச்சொட்டாய் அதேதான். நான் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாய்.

கடைசியாய் ஆஸ்பத்திரியில், பேசவே களைத்துப்போன அந்த மத்தியானம், என் கையை இழுத்தாய்.

"எடி, இந்த விரிப்பும் அந்தச் சுவரும் ஒரே வெள்ளை இல்லை. பாத்தனியே?"

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். விரிப்பில் நீலம், சுவரில் மஞ்சள். அத்தனை வருடத்தில் முதன்முதலாய் எனக்குத் தெரிந்தது.

"ஓமடி," என்றேன். நீ சிரித்தாய்.

அதற்குப் பிறகு எனக்கு அப்படித் தெரிவது நிற்கவேயில்லை. நுரை ஒரு வெள்ளை, கொக்கு ஒரு வெள்ளை, தலைமன்னார் மணல் வேறொரு வெள்ளை. வேலையை மறந்து நின்று பார்க்கிறேன்.