இசக்கியின் மீன்களுக்கு ஒரு தொட்டி

நிலா முகாம். நாள் 41. 07.10
காற்றழுத்தம் சரி. தரை துடைத்தாயிற்று. இன்ஜினீயர் நெல்சன் தம்பி சுரங்க முகாமுக்குப் போய் மூன்று நாள். இங்கே நான் ஒருத்திதான். பெயர் பிச்சம்மாள், துப்புரவு வேலை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு, பிழை இருந்தால் பொறுக்கவும். இதற்கு முன் இந்தக் குறிப்பை எழுதியவள் என் மகள் இசக்கி. வெளியே வேலை பார்க்கும்போது ஹெல்மெட் கண்ணாடி வெடித்ததில் இறந்துவிட்டாள். இன்றோடு பதினேழு நாள். கல் பட்டிருக்கும் என்றார்கள். அவள் வளர்த்த ஜிலேபி மீன் ஆறு இருக்கிறது. தொட்டி ஒழுகுகிறது.

நாள் 41. 11.30
மீன்களை வாளிக்கு மாற்றினேன். இரண்டு நாள் தாங்கும். ரேடியோவில் நெல்சன்:
"ஸ்டோர்ல அக்ரிலிக் பலகை கெடக்குக்கா. ஹெல்மெட் கண்ணாடிக்குன்னு வச்சிருந்தது. அறுத்து ஒட்டுங்க. ஒரு நாள் காயணும், தொட்டுறாதீங்க. ஒங்க கைதான் சும்மா இருக்காதே!"
"மீனுக்கு வீடு கட்டுதேன். பால் காய்ச்ச வந்துருங்க தம்பி."

நாள் 42. 06.00
நேற்று மதியமே ஐந்து பலகையும் ஒட்டியாயிற்று. உட்கார முடியவில்லை. போய்ப் பார்க்கிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன். வாளியில் ஒன்று மல்லாந்துவிட்டது. மீதி ஐந்து.

நாள் 42. 14.20
தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பக்கமெல்லாம் கைரேகை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் அப்படித் துடைத்த கை. இங்கேயும் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட்தான்.
நெல்சன்: "கெளம்பிட்டேன்க்கா. நடை மூணு மணி நேரம். இந்த முகாம் ரேடியோவ விட்டா, நடுவுல மேடு தாண்டுற வரைக்கும் ஹெல்மெட் ரேடியோ எடுக்காது. பால் பொங்கட்டும்!"

15.05
தொட்டி மூலையில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. இப்போது பத்து. துடைத்த பக்கங்களில் மட்டும். துடைக்காத அடிப்பலகை அப்படியே இருக்கிறது.

15.12
மிச்சத் துண்டு ஒன்றை வளைத்துப் பிடித்து ஸ்பிரிட் தடவினேன். கண் முன்னாலேயே விரிசல் விட்டது.
இசக்கி ஹெல்மெட்டைத் தினமும் காலையில் நான்தான் துடைத்துக் கொடுப்பேன். "யம்மா, போதும், தேஞ்சிரப் போவுது" என்பாள்.
கல் படவில்லை.

15.14
நெல்சன் போன அன்றைக்கும் அவர் ஹெல்மெட்டைத் துடைத்துத்தான் கொடுத்தேன்.

15.31
"தம்பி, நில்லுங்க. வந்த வழியே திரும்புங்க. கண்ணாடி தாங்காது. நெல்சன் தம்பி!"
இருபது தடவை கூப்பிட்டேன். இரைச்சல்தான்.

15.40
தொட்டி உடைந்தது. கால் நனைகிறது. மீன்கள் வாளியில்தான். பார்க்க நேரமில்லை.
என் ஹெல்மெட்டை மட்டும் நான் ஒருநாளும் துடைத்ததில்லை. யாருக்குக் காட்ட? தூசியோடு கிடக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போகிறேன். அவர் கண்ணாடி மேல் ஒட்ட டேப் எடுத்துக்கொண்டேன். எட்டிப் பிடித்துவிட்டால்...
இதை வாசிக்கிறவர்கள் மீனுக்கு இரை போடவும். ஐந்து இருக்கும்.
எதையும் துடைக்க வேண்டாம்.