தம்பி பேரில் ஓடும் நீல டர்போ

அன்புள்ள தம்பி சிவநேசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் தாளையும் பேனாவையும் எடுத்தாள் என்று பயந்துவிடாதே, அதற்கு முதலில் மன்னித்துவிடு. இங்கே அப்பாவும் நானும் சுகம், மழை வந்தால் அப்பாவுக்கு முட்டிவலியும் கூடவே வருகிறது, அவ்வளவுதான். கடல் தாண்டி மீரியில் நீயும் கடல் வேலைக்குப் போகாத நாட்களிலாவது பாக்கெட் மீ நூடுல்ஸை விட்டுவிட்டுச் சோறு சமைத்துச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம் ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் போன் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மேல்மாடி வரைக்கும் கேட்கவைப்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். அம்மா போன பிறகு உன் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டவள், உன் தலையில் பேன் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

நான் ஒரு கார் வாங்கிவிட்டேன். ஊரில் எல்லோரும் ஓட்டுகிற சின்ன மைவி இல்லை. மைவிக்கென்று சேர்த்த பணத்தில், உன்னைவிட இரண்டே வயது இளைய ஒரு ஜப்பான் டர்போ கார். நீல நிறம், ஐந்து கியர், முன் மூடியில் மூக்குத்துளை மாதிரி ஒரு திறப்பு. நம்ப மாட்டாய், தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரிக்குக்கூடக் கேட்காத குரலில் பேசுகிற நான், ஒரு வருஷமாகப் பழைய டர்போ கார்களைப் பார்ப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தால் உடனே கோலப் போட்டிக்கு மாற்றிவிடுவேன். அதில் கோலமும் கொஞ்சம் வந்துவிட்டது.

முதலில் கெப்பாலா பத்தாஸில் ஒன்று பார்த்தேன். பளபளவென்று புதுப் பெயிண்ட். டர்போ காரைக் குளிர்ந்த எஞ்சினோடுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், புகையும் தட்டுகிற சத்தமும் அப்போதுதான் வெளியே வரும், அதற்காகவே விடிந்ததும் போய் நின்றேன். முன் மூடியில் கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கிறது. விற்கிறவன், "காலையிலேயே அம்மா பாசாருக்குப் போய்ட்டு வந்தாங்க லா, அக்கா" என்றான். கூரையிலும் பின்கண்ணாடியிலும் பனித்துளி கலையாமல் இருந்தது, அதன்மேல் ஒரு பூனை நடந்த கால்தடம் வேறு. நின்ற இடத்திலேயே ஓடிய எஞ்சின். ஒரு துளி பனிகூட உதிராமல் பாசாருக்குப் போய்வந்த அந்த அம்மாவை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு, தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கவனித்தாயா, நீ இந்தக் கதைக்குள் வந்தது அங்கேதான். கார் பார்க்கப் போகிற பெண்ணை எல்லோரும் யாருக்கு, யாருக்கு என்று கேட்கிறார்கள். தம்பிக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்குமேல் கேள்வி இல்லை. அவ்வளவு வசதியான பிள்ளை நீ.

நீலக் கார் கிடைத்தது புக்கிட் மெர்தாஜாமில், நூர்ஜான் என்று ஓர் அக்கா வீட்டில். கார் அவருடைய கணவருடையது. "என்னத் தடவுனத விட இதத்தான் அதிகம் தொடச்சாரு, எடுத்துட்டுப் போம்மா, எனக்கு வாசல்ல துணி காயப்போட எடம் வேணும்" என்றார். கணவர் மூலையில் நின்று உம்மென்று பார்த்துக்கொண்டிருந்தார், மகளைக் கட்டிக்கொடுக்கிற முகம். எஞ்சின் சில்லென்று இருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன், எண்ணெயில் தண்ணீர் கலந்தால் படிகிற பாலாடை மாதிரி எதுவும் உள்பக்கம் இல்லை. காருக்குள் காலடியில் கிடந்த பாயைத் தூக்கி முகர்ந்தேன், வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சேற்று வாடை போகவே போகாது, இதில் அத்தர் வாடைதான். ஸ்டார்ட் ஆனதும் புகையில்லை. சாலையில் கொஞ்சம் மிதித்ததும் காதோரம் கொசு பாடுகிற மாதிரி ஒரு சன்னமான விசில், பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிய மாதிரி ஓர் இழுப்பு. நானும் தம்பிக்கு, தம்பிக்கு என்றேன். நூர்ஜான் அக்கா, "தம்பிக்குன்னு சொல்றே, ஒம் மூஞ்சி ஏன் இப்படிச் செவந்துபோச்சு?" என்று கேட்டார். நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். தம்பிக்குப் பரிசு, அவனிடம் மூச்சு விடாதீங்க என்று. போன ஞாயிறு பேசும்போது அவர் நடுநடுவே காரணமில்லாமல் சிரித்தது இதற்குத்தான். எனக்கென்றால், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ராக்கெட்டு என்பார். உனக்கென்றதும், "டிகிரி படிச்ச எம் பொண்ணு பாத்துருக்கு, ஓட்டையா இருக்காது" என்று ஃப்ளாட் முழுக்கச் சொல்லிவிட்டு, பாகான் டாலாம் கோயிலில் பூஜைக்கு நாளும் குறித்துவிட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். குருக்கள் தட்டோடு வந்து, "வண்டி யார் பேருக்கு அர்ச்சனை? பேரு, நட்சத்திரம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கணீரென்று, "சிவநேசன், கேட்டை" என்றார். சுவாதிக்காரி நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். மந்திரம், மாலை, கற்பூரம் எல்லாம் உனக்கு. பிறகு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து, முப்பது வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டினவன் நான்தான் நசுக்குவேன் என்று அப்பா ஏறினார். இந்தக் காரின் கிளட்ச் கல் மாதிரி. இரண்டு தடவை எஞ்சின் நின்றது. மூன்றாவது தடவை அழுத்திய அழுத்தில் கார் துள்ளியது, குருக்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார், ஓர் எலுமிச்சை மட்டும் முழுசாக உருண்டு பூக்கடைக்குள் போனது. "ஒன் தம்பி மாதிரியே இருக்கு, சொன்னா கேக்குதா பாரு" என்று அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாலு சக்கரத்துக்கும் வேறு பழம் வைத்து நான் ஏறினேன். நாலும் சத்தமில்லாமல் நசுங்கின. "பரவால்ல, அவன் வர்ற வரைக்கும் நீயே ஓட்டு, சும்மா நின்னா பாட்டரி போயிரும்" என்றார்.

மூன்று மாதமாக ஓட்டுகிறேன், சிவா. வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வராமல் பாலிக் புலாவ் மலைவழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன். வளைவு தாண்டியதும் அந்த விசில் வரும். காருக்குள் நான் சத்தமாகப் பாடுகிறேன், என் குரல் அவ்வளவு மோசமில்லை. ஆனால் போன வாரம், துறைமுகத்தில் வேலை பார்த்த சுப்பையா மாமாவை அப்பா கூட்டிவந்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் காரைக் கப்பலேற்றி மீரிக்கு அனுப்பி உன்னை அசத்தப்போகிறாராம். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன்.

நீ நல்லா இரு, மேலதிகாரியிடம் வாய் கொடுக்காதே, கடலில் இறங்கும்போது மிதவை மேலங்கியை ஒழுங்காகக் கட்டிக்கொள், முருகன் உன் கூடவே இருப்பான். முறுக்கு தனியாக அனுப்புகிறேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் தின்னாதே.

இனி, சொல்லாமல் வைத்திருந்தது. இந்த வீட்டில் எனக்கு வேண்டும் என்று நான் எதையும் கேட்டதில்லை, இப்போதும் வாய் வரவில்லை. வருகிற ஞாயிறு அப்பா ஸ்பீக்கரில் போட்டதும், மேல்மாடிக்குக் கேட்கிற மாதிரி நீயே சொல்லிவிடு: இந்தக் கார் எனக்கு வேண்டாம் அப்பா, அது அக்கா தனக்காகப் பார்த்து வாங்கினது, அவளே ஓட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ரூபினி பக்கிரிசாமி