சின்ன முகத்து டாலர்கள்

ரொசாரியோ, 4 ஏப்ரல் 2022

அன்புள்ள ஒஸ்வால்தோ,

நலம்தானே? பிரிந்த ஆறு வருஷத்தில் மகள் லுத்மிலாவின் பிறந்தநாளுக்குத் தவிர எழுதாதவள் எழுதுகிறாளே என்று பயப்பட வேண்டாம். வாடகை வீட்டை அடுத்த மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லுத்மிலா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை வீடு விலைக்கு வருகிறது. முப்பத்தெட்டாயிரம் டாலர், ரொக்கமாக. நம் நாட்டுப் பெசோவைக் காட்டினால் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள். அரசாங்கமே பெட்டியில் டாலர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறது, நான் எம்மாத்திரம். என்னிடம் முப்பதாயிரம் இருக்கிறது. மீதி எட்டு கடனாகக் கிடைக்குமா?

2001-இல் வங்கி நம் டாலரையெல்லாம் முடக்கி, பெசோவாக்கிக் கையில் திணித்ததை நான் கிளறவில்லை. எப்படியோ பிழைத்துவிட்டோம்.

நெலிதா

நெவுகேன், 12 ஏப்ரல்

அன்பு நெலி,

கடன் என்று சொல்லாதே. என் தங்கை மகன் கொண்டுவரும் உறையில் எட்டாயிரம் இருக்கிறது. இங்கே எண்ணெய் வயல் வேலையில் இந்த ஆறு வருஷமாக மிச்சம் பிடித்தது. முட்டிக்குத் தைலம் தடவுகிறாயா, அதையும் மறந்துவிட்டாயா?

ஒஸ்வால்தோ

ரொசாரியோ, 20 ஏப்ரல்

ஒஸ்வால்தோ,

பணம் வந்தது. வீட்டை விற்பவள் வாங்க மறுத்துவிட்டாள். எல்லாம் சின்ன முகம் போட்ட பழைய நோட்டு, தொண்ணூற்றாறுக்கு முன் அச்சானவை. டாலர் மாற்றுபவரிடம் ஓடினேன். "நோட்டு அசல்தாம்மா, மூஞ்சிதான் பழசு. நூத்துக்கு எட்டு புடிச்சுக்குவேன். இத்தன வருஷமா எங்க வச்சிருந்தீங்க?" என்றார். நோட்டுக் கட்டைச் சுற்றியிருந்த காகிதப் பட்டியைக் கழற்ற மறந்துவிட்டீர்கள். அதில் வங்கி முத்திரை, 23 நவம்பர் 2001. பணத்தை முடக்குவதற்கு ஒரு வாரம் முன்பு.

அடுத்த குளிர்காலத்தில் என் தையல் மெஷினைப் பண்டமாற்றுச் சந்தையில் கொடுத்து மாவும் எண்ணெயும் வாங்கினோம். நீங்கள்தான் மெஷினைச் சுமந்து வந்தீர்கள்.

ஏன்?

நெலிதா

நெவுகேன், 27 ஏப்ரல்

நெலி,

தனியாக ஸ்பெயினுக்குப் போய்விடலாம் என்று உனக்குத் தெரியாமல் வங்கியிலிருந்து எடுத்தேன். டிக்கெட் வாங்கப் புறப்பட்ட அன்று குழந்தைக்குக் காய்ச்சல், போகவில்லை. அப்புறம் கொடுத்தால் எதற்கு எடுத்தாய் என்று கேட்பாயே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஒஸ்வால்தோ

ரொசாரியோ, 6 மே

ஒஸ்வால்தோ,

மாற்றிவிட்டேன். குறைந்த அறுநூற்று நாற்பதை லுத்மிலா போட்டாள். வீடு என் பேருக்கு வந்துவிட்டது. அவளிடம் எதையும் சொல்லவில்லை. அப்பா உதவினார் என்று சந்தோஷப்படுகிறாள், படட்டும்.

மெஷினைக் கொடுத்த அன்றைக்கு நீங்கள் அந்த நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தால் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். அடுப்பைப் பற்றவைத்துச் சமைக்க ஆரம்பித்திருப்பேன்.

ஜூலையில் பேத்திக்கு ஞானஸ்நானம். வாருங்கள், கோயிலில் என் பக்கத்திலேயே உட்காருங்கள். பிறகு நெவுகேனுக்குத் திரும்பிவிடுங்கள்.

நெலிதா